டிகின்டர் ஸ்டாப்வாட்ச்: 60 விநாடிக்கு 38 விநாடிதான் ஓடுகிறது

மேலூர் விசில் எழுதியது:

மேலூருக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். கணினி என் பாடமன்று. ஆனால் குறுவட்டப் போட்டி நெருங்குகிறது. பள்ளியில் ஒழுங்காக ஓடும் ஸ்டாப்வாட்ச் ஒன்றே ஒன்று. புதிது கேட்டு எழுதிய கடிதம் எந்த மேசையில் உறங்குகிறதோ! கணினி அறையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பைத்தான் பழகுகிறார்கள். ஓட்டத்துக்கு நேரம் எடுக்கும் நிரலை நாமே எழுதினால் என்ன என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள். எனக்கும் பிடித்துப் போயிற்று.

கைப்பேசியிலேயே ஸ்டாப்வாட்ச் இருக்கிறதே என்று தயவுசெய்து யாரும் முதல் பதிலாக எழுத வேண்டாம். தெரியும். வியர்த்த விரலுக்குக் கண்ணாடித் திரை சறுக்குகிறது. ஓடியவரின் பெயரும் நேரமும் பட்டியலாக வந்து விழ வேண்டும் என்பதும் என் ஆசை. எல்லாவற்றுக்கும் மேல், பிள்ளைகள் தாங்களே எழுதியதைத் தங்கள் மைதானத்தில் ஓட விட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டிகின்டரில் (பைத்தானில் சாளரம், பொத்தான் வரையும் தொகுதி) ஒரு சாளரம். அதில் பெரிய எழுத்தில் ஒரு லேபிள். கீழே தொடங்கு, நிறுத்து, அழி என்று மூன்று பொத்தான்கள். தொடங்கு பொத்தான் 'ஓடு' என்ற ஃபங்ஷனை அழைக்கிறது. அந்த ஃபங்ஷன் 'நேரம்' என்ற மாறியோடு 0.01-ஐக் கூட்டுகிறது, லேபிளில் எழுதுகிறது, பிறகு ஆஃப்டர் கட்டளையால் 10 மில்லி விநாடி கழித்துத் தன்னையே மறுபடி அழைக்கச் சொல்கிறது. நூறு தடவை 10 மில்லி விநாடி என்றால் ஒரு விநாடி. கணக்கில் ஓட்டை எங்கே என்று எனக்குப் புலப்படவில்லை.

ஆனால் நடப்பது வேறு. என் மடிக்கணினியில் விண்டோஸ். கைக்கடிகாரத்தில் 60 விநாடி ஆகும்போது நிரல் 38.4 காட்டுகிறது. அதே கோப்பைக் கணினி அறையில் இருக்கும் லினக்ஸ் கணினியில் ஓட்டினால் 57 சொச்சம். சரி, கணினிக்குக் கணினி வேகம் மாறும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். மூன்றாவது கூத்துக்குத்தான் சமாதானமே கிடைக்கவில்லை: தொடங்கு பொத்தானைத் தெரியாமல் இரண்டு தரம் தட்டிவிட்டால் மடிக்கணினியில் 60 விநாடிக்கு 77 விநாடி ஓடுகிறது! அப்புறம் நிறுத்து பொத்தானை அழுத்தினாலும் நிற்பதில்லை.

நேற்று மாலை இதை வைத்து ஒரு பையனை 100 மீட்டர் ஓட விட்டோம். என் கடிகாரத்தில் 13.5. நிரலில் 8.64. 2009-இல் பெர்லினில் உசேன் போல்ட் ஓடியதே 9.58. "சார், நம்முடையதையே மாவட்டத்துக்கும் கொடுத்துவிடலாம் சார், எல்லாருக்கும் பதக்கம்" என்கிறார்கள். சிரிப்பாகத்தான் இருக்கிறது. காரணம் தெரிந்தால் இன்னும் நன்றாகச் சிரிப்பேன்.

*

வடபழஞ்சி எழுதியது:

வணக்கம் சார். நீங்கள் கொடுத்த எண்களிலேயே விடை இருக்கிறது. 38.4 என்று பார்த்ததுமே பிடிபட்டுவிட்டது.

உங்கள் நிரல் நேரத்தை அளக்கவே இல்லை. 'ஓடு' எத்தனை முறை அழைக்கப்பட்டது என்பதை மட்டும் எண்ணிக்கொண்டு, அந்த எண்ணிக்கைதான் நேரம் என்று காட்டுகிறது. ஒவ்வோர் அழைப்பும் மிகச் சரியாக 10 மில்லி விநாடி இடைவெளியில் வந்தால் இரண்டும் ஒன்றுதான். வராது. ஆஃப்டர் தரும் வாக்குறுதி "குறைந்தது இவ்வளவு நேரம் கழித்து, கை ஒழிந்ததும் அழைக்கிறேன்" என்பது மட்டுமே. முந்தி வராது, பிந்தி வரலாம்.

எவ்வளவு பிந்தும் என்பது இயங்குதளத்தைப் பொறுத்தது. விண்டோஸின் வழக்கமான உள்துடிப்பு விநாடிக்கு 64. அதாவது துடிப்புக்குத் துடிப்பு 15.625 மில்லி விநாடி. நீங்கள் 10 கேட்கிறீர்கள். 10 ஆகும்போது துடிப்பு இல்லை. அடுத்த துடிப்பு வரும் வரை நிரல் காத்திருக்கிறது. ஆக விநாடிக்கு நூறு அழைப்புக்குப் பதில் 64 அழைப்பு. 60 விநாடிக்கு 3840. ஒவ்வொன்றுக்கும் 0.01 கூட்டினால் 38.40. உங்கள் பையனின் 13.5-ஐ 0.64-ஆல் பெருக்கிப் பாருங்கள், அந்த 8.64 வந்து நிற்கும்.

லினக்ஸில் துடிப்பு இன்னும் நுணுக்கம். அதனால் 10 கேட்டால் பத்தை ஒட்டியே கிடைக்கும். ஆனால் லேபிளை வரைவது, உங்கள் ஃபங்ஷன் ஓடுவது என்று ஒவ்வொரு சுற்றிலும் அரை மில்லி விநாடி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10.5 மில்லி விநாடிக்கு ஓர் அழைப்பு என்றால் 60 விநாடியில் 57.1. உங்கள் 57 சொச்சம்.

தொடங்கு பொத்தானை இரண்டாம் முறை தட்டும்போது இன்னொரு அழைப்புச் சங்கிலி பிறக்கிறது. இரண்டும் ஒரே மாறியில் கூட்டுகின்றன. 38.4-இன் இரு மடங்கு 76.8. நிறுத்தும்போது இரண்டில் கடைசியாகப் பதிந்த அழைப்பின் எண்தான் உங்கள் கையில் இருக்கும், அதைத்தான் ரத்து செய்கிறீர்கள். மற்றச் சங்கிலி பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.

தீர்வு ஒரே வரிதான். கூட்டாதீர்கள், கேளுங்கள். கணினிக்குள் உண்மையான கடிகாரம் இருக்கிறது. தொடங்கும்போது அதைப் பார்த்து ஒரு மாறியில் எழுதிக்கொள்ளுங்கள். காட்டும்போதெல்லாம் மறுபடி பார்த்துக் கழியுங்கள். பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், நிரல் ஓடும். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். ஆகவே தமிழிலேயே எழுதுகிறேன்:

தொடங்கு: ஓடுகிறதா என்பது உண்மையாக இருந்தால் ஒன்றும் செய்யாமல் திரும்பு. இல்லையென்றால் தொடக்கம் = இப்போதைய கடிகாரம்; ஓடுகிறதா = உண்மை; காட்டு.

காட்டு: கடந்தது = சேமிப்பு (முன்பு நிறுத்தியது வரை ஓடிய நேரம், முதலில் 0) + (இப்போதைய கடிகாரம் − தொடக்கம்). லேபிளில் எழுது. 40 மில்லி விநாடி கழித்துக் காட்டு-வை மறுபடி அழைக்கச் சொல், அந்த அழைப்பின் எண்ணை வைத்துக்கொள்.

நிறுத்து: ஓடவில்லை என்றால் திரும்பு. சேமிப்பு = சேமிப்பு + (இப்போதைய கடிகாரம் − தொடக்கம்). ஓடுகிறதா = பொய். காத்திருக்கும் அழைப்பை ஆஃப்டர்_கேன்சல் கொண்டு ரத்து செய். சேமிப்பில் இருப்பதை லேபிளில் கடைசியாக ஒரு முறை எழுது.

அழி: நிறுத்து, சேமிப்பு = 0, லேபிளில் சுழியம்.

அந்த 'கடைசியாக ஒரு முறை எழுது' என்பதை விட்டுவிடாதீர்கள். விட்டால் லேபிளில் 40 மில்லி விநாடி பழைய எண் தங்கிவிடும். பார்ப்பவர் அதைத்தான் தாளில் எழுதுவார்.

40 என்றதும் பதற வேண்டாம். காட்டு எத்தனை தாமதமாக வந்தாலும் காட்டும் எண் சரியாகவே இருக்கும், ஏனென்றால் அது கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறது. சாதாரணத் திரை விநாடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கிறது. 16 மில்லி விநாடிக்கும் குறைவாகக் கேட்பது வீண் உழைப்பு. கடைசி இலக்கத்தை ஓடும்போது எவர் கண்ணும் படிக்கப் போவதில்லை.

எந்தக் கடிகாரம் என்பது முக்கியம். டைம் தொகுதியில் டைம் என்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அது சுவர்க் கடிகாரம். இணையத்தோடு ஒத்திசைக்கும்போது அது முன்னும் பின்னும் நகரும். ஓட்டத்தின் நடுவில் நகர்ந்தால் போயிற்று. இடைவெளி அளக்க பெர்ஃப்_கவுண்டர் என்பதை எடுங்கள். 2012-இல் வந்த பைத்தான் 3.3 முதலே இருக்கிறது. பின்னோக்கிப் போகாது. மானடோனிக் என்ற பெயரில் இன்னொன்றும் உண்டு, அதுவும் நல்லதே. ஆனால் விண்டோஸில் 3.13-க்கு முந்தைய பைத்தானில் அது மறுபடி அந்த 15.6 மில்லி விநாடித் துடிப்பையே நம்பியிருந்தது.

இன்னொன்று. ஆஃப்டருக்குள்ளும் பொத்தானின் கட்டளையிலும் ஃபங்ஷனின் பெயரை மட்டும் கொடுங்கள். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டால் அங்கேயே அப்போதே ஓடிவிடும். காட்டு தன்னைத்தானே நிற்காமல் அழைத்து, ஆயிரத்தை ஒட்டிய ஆழத்தில் பைத்தான் கையை விரித்துவிடும். பிள்ளைகள் எழுதுவதில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

*

பைக்காரா எழுதியது:

இவ்வளவு எதற்கு? தனியாக ஒரு த்ரெட் (நிரலுக்குள் பக்கவாட்டில் ஓடும் தனி இழை) போட்டு, அதற்குள் முடிவில்லாத ஒரு வளையம், வளையத்துக்குள் 0.01 விநாடி சும்மா இருக்கச் சொல்லும் ஸ்லீப், லேபிளை மாற்று. முடிந்தது வேலை. நான் கல்லூரியில் அப்படித்தான் செய்தேன். ஓடியது.

*

திருநகர் டீச்சர் எழுதியது:

ஓடும், தம்பி. ஓடிக்கொண்டே இருக்கும்போது ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றும் போகும்.

ஸ்லீப்பும் ஆஃப்டரைப் போலத்தான், குறைந்தது இவ்வளவு என்று மட்டுமே சொல்லும். அதை எண்ணினால் பிழையும் அப்படியே இருக்கும். நோய் மாறவில்லை, மருத்துவமனை மாறியிருக்கிறது. போதாக்குறைக்கு, டிகின்டரின் லேபிளையும் பொத்தானையும் முதன்மை த்ரெட் மட்டுமே தொட வேண்டும் என்பதுதான் பாதுகாப்பான வழி. வேறு த்ரெட்டிலிருந்து தொட்டால் ஒரு கணினியில் ஒன்றும் ஆகாது, இன்னொன்றில் சாளரம் உறைந்துவிடும். வகுப்பில் முப்பது கணினியில் முப்பது விதமாக நடக்கும் பிழையைத் தேடும் பொறுமை எனக்கில்லை.

த்ரெட் இல்லாமல் ஸ்லீப் மட்டும் போட்டால் அது இன்னும் மோசம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாளரம் பொத்தான் அழுத்தத்தையும் திரை வரைவதையும் ஒரே வரிசையில் வைத்து ஒவ்வொன்றாகக் கவனிக்கிறது. நடுவில் ஸ்லீப் என்று படுத்துவிட்டால் வரிசை நகராது. நிறுத்து பொத்தானை அழுத்துவீர்கள், அழுந்தியது போலக்கூடத் தெரியாது.

வடபழஞ்சி சொன்ன வழி போதும். அதோடு எண்களுக்கு ஒரே அகல எழுத்துருவைப் போடுங்கள் சார், கூரியர் போல ஏதாவது. 1 ஒடுக்கமாகவும் 0 அகலமாகவும் இருக்கும் எழுத்துருவில் ஓடும் எண் இடமும் வலமுமாக நடுங்கிக்கொண்டே இருக்கும். தலை வலிக்கும்.

*

மேலூர் விசில் எழுதியது:

தம்பி வடபழஞ்சி, உமக்கு ஒரு ஜிகர்தண்டா கடன். 38.40-ஐயும் 8.64-ஐயும் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். பெருக்கல் வாய்பாட்டில் வராத ஆர்வம் இதில் வந்தது. கணக்கு ஆசிரியர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இது என் பாடவேளை" என்று சொல்லிவிட்டுப் போனார். பைக்காரா தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், உமது யோசனையையும் கணினி அறையில் ஓட்டிப் பார்த்தோம். டீச்சர் சொன்னபடி ஒன்றில் உறைந்தது.

நிரல் இப்போது என் கடிகாரத்தோடு ஒத்துப்போகிறது. தொடங்கு பொத்தானை எத்தனை தரம் குத்தினாலும் அசையவில்லை. இனி நிஜமான வேலைக்கு வர வேண்டும்.

எங்கள் மைதானத்தில் 200 மீட்டர் ஓடுபாதைதான் போட முடியும். 400 மீட்டர் என்றால் இரண்டு சுற்று, 1500 என்றால் ஏழரைச் சுற்று. 100 மீட்டரை மைதானத்தின் குறுக்கே மூலைக்கு மூலை சுண்ணாம்புக் கோடு போட்டு ஓட விடுகிறோம். ஒரு முனையில் புளியமரம், மறு முனையில் சத்துணவுக் கூடம். ஒரே நேரத்தில் ஆறு பேர் ஓடுகிறார்கள். விசைப்பலகையில் 1 முதல் 6 வரையிலான எண் விசைகளை ஓடுபாதை எண்ணாக வைத்து, யார் கோட்டைத் தொடுகிறாரோ அவருடைய எண்ணை அழுத்தினால் அவர் நேரம் பதிவாகும்படி எழுதினோம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுத்திப் பார்த்தால் அருமையாக வேலை செய்கிறது. மைதானத்தில் மூன்று பேர் ஒட்டிக்கொண்டு வந்தால் என் விரல் தடுமாறுகிறது. நான்காம் ஓடுபாதைக்காரனின் நேரம் ஐந்தாமவனுக்குப் போய்விடுகிறது, அவன் அப்பா மறுநாள் வாசலில் நிற்கிறார்.

இன்னொரு சந்தேகம். நிரல் நூற்றில் ஒரு பங்கு வரை காட்டுகிறது. கையால் எடுத்த நேரத்தைப் பத்தில் ஒரு பங்காக எழுத வேண்டும் என்று பயிற்சியில் கேட்ட ஞாபகம். 13.54 என்றால் 13.5 என்று எழுதுவதா, 13.6 என்றா?

*

தல்லாகுளம் எழுதியது:

தம்பி, நிரல் எனக்குப் புரியாது. நேரம் எடுப்பது புரியும். மதுரை ரேஸ்கோர்ஸ் விளையாட்டு மைதானத்தில் படிமேடை மீது கடிகாரத்தோடு உட்கார்ந்து வெயில் வாங்கிய ஆள் நான்.

13.54 என்றால் 13.6. கையால் எடுத்த நேரத்தை எப்போதும் மேல்நோக்கித்தான் அடுத்த பத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுபோக வேண்டும். 10.11 என்றாலும் 10.2 தான். மிகச் சரியாக 10.10 என்று நின்றால் மட்டும் 10.1. பாதிக்கு மேல் கீழ் என்று பார்க்கும் பள்ளிக்கூடக் கணக்கு இங்கே செல்லாது. பன்னாட்டுத் தடகள விதியே அப்படித்தான்.

அதற்குக் காரணம் இருக்கிறது. நேரம் எடுப்பவர் தொடக்கத்தில் கண்டு, உணர்ந்து, பிறகுதான் அழுத்துகிறார். அதில் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. முடிவில் ஓடுபவர் நெருங்குவது முன்கூட்டியே தெரிவதால் கை காத்திருந்து சட்டென்று அழுத்திவிடுகிறது. ஆகக் கை நேரம் எப்போதும் உண்மையைவிடக் குறைவாகவே வரும். 100, 200 மீட்டரில் கை நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 விநாடி கூட்டுவது பழைய வழக்கம். 400 மீட்டருக்கு 0.14. 1977 முதல் குறுந்தூர ஓட்டங்களில் உலக சாதனைக்குக் கை நேரத்தை ஏற்பதை நிறுத்தியதும் இதனால்தான். உம் நிரல் நூற்றில் பங்கு காட்டட்டும், ஆயிரத்தில் பங்குகூடக் காட்டட்டும். அழுத்துவது விரல். பத்தில் ஒரு பங்குக்குக் கீழே விரலுக்கு யோக்கியதை இல்லை.

இப்போது நீர் சொல்லாத ஒன்றைக் கேட்கிறேன். 100 மீட்டரை எதைக் கொண்டு தொடங்கி வைக்கிறீர்? பெயரைப் பார்த்தால் விசில் என்று தோன்றுகிறது. விசில் புளியமரத்தடியில், மடிக்கணினி சத்துணவுக் கூடத்தில். நம் ஊர் வெயிலில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். 100 மீட்டர் வந்து சேர 0.29 விநாடி. அந்த நேரத்துக்குள் பையன் கிளம்பியிருப்பான், உம் கடிகாரம் கிளம்பியிருக்காது. ஆகவே காதால் தொடங்கக் கூடாது, கண்ணால் தொடங்க வேண்டும். துப்பாக்கி என்றால் புகையைப் பார்த்து. பள்ளிக்கு மரக் கிளாப்பர் போதும். இரண்டு பலகையின் உட்பக்கமும் வெள்ளை வண்ணம் அடித்து, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து அடிக்கச் சொல்லும். பலகை மூடுவதைப் பார்த்து அழுத்தும். 200 மீட்டரும் 400 மீட்டரும் உம் மைதானத்தில் தொடங்கும் இடத்திலேயே முடிவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

ஆறு விசை யோசனையை விட்டுவிடும். யார் எத்தனையாவதாக வந்தார் என்று பார்ப்பவர் வேறு, நேரம் எடுப்பவர் வேறு. பெரிய போட்டிகளிலும் இரண்டு கூட்டமாகத்தான் உட்காருவார்கள். நேரம் எடுப்பவர் முகத்தைப் பார்க்கவே கூடாது. கோட்டை மட்டும் பார்க்க வேண்டும். ஒரு மார்பு கோட்டுக்கு மேல் வந்ததும் ஓர் அழுத்தல். தலையோ கையோ காலோ அல்ல, மார்பு. அடுத்த மார்பு, அடுத்த அழுத்தல். ஆக நிரலுக்கு ஒரே விசை போதும். அழுத்த அழுத்த நேரங்கள் வரிசையாக விழட்டும். பக்கத்தில் இன்னோர் ஆசிரியர் தாளில் சட்டை எண்ணை வந்த வரிசையில் எழுதட்டும். பிறகு இரண்டு வரிசையையும் சேர்த்துக்கொள்ளலாம். முதலாவது வந்தவருக்கு மட்டும் மூன்று கடிகாரம் வைத்தால் நல்லது. மூன்றில் இரண்டு ஒத்தால் அந்த நேரம், மூன்றும் வேறு என்றால் நடுவில் இருப்பது. இரண்டே கடிகாரம் இருந்து அவை மாறுபட்டால் கூடுதலானதை எடுக்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தால் அப்பாமார் வாசலுக்கு வர மாட்டார்கள்.

*

வடபழஞ்சி எழுதியது:

ஐயா சொன்ன மேல்நோக்கு விதியை நிரலில் எழுதும்போது ஒரு பள்ளம் இருக்கிறது, சார் விழுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.

பெர்ஃப்_கவுண்டர் தரும் எண் மிக நீளம். கடிகாரத்தில் 10.10 என்று தெரியும்போது உள்ளே 10.1004 என்று இருக்கும். அதை அப்படியே மேல்நோக்கிக் கொண்டுபோனால் 10.2 ஆகிவிடும். திரையில் 10.10, பட்டியலில் 10.2 என்றால் பிள்ளைகள் விடுவார்களா? எனவே முதலில் நூற்றில் பங்குக்குப் பின்னால் வரும் இலக்கங்களை வெட்டிவிட வேண்டும். பிறகுதான் மேல்நோக்க வேண்டும்.

இதைத் தசம எண்ணில் செய்யாதீர்கள். 0.01 என்பதைக் கணினி இரும முறையில் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது; நூறு முறை கூட்டினால் சரியாக 1 வராது. முழு எண்ணிலேயே இருங்கள். 2018-இல் வந்த பைத்தான் 3.7 முதல் பெர்ஃப்_கவுண்டர்_என்எஸ் என்று ஒன்று உண்டு, நானோ விநாடியை முழு எண்ணாகவே கொடுக்கும். அதை ஒரு கோடியால் முழு வகுத்தல் செய்தால் நூற்றில் பங்குகளின் எண்ணிக்கை. அதோடு 9 கூட்டிப் பத்தால் முழு வகுத்தல் செய்தால் மேல்நோக்கிய பத்தில் பங்கு. 1010 + 9 = 1019, பத்தால் வகுத்தால் 101, அதாவது 10.1. 1011 + 9 = 1020, வகுத்தால் 102, அதாவது 10.2. ஐயாவின் விதி அரை வரியில் அடங்கிவிட்டது.

நிமிடம் பிரிப்பதும் முழு எண்ணில் சுலபம். நூற்றில் பங்குகளை 6000-ஆல் டிவ்மாட் (ஈவையும் மீதியையும் ஒருசேரத் தரும் ஃபங்ஷன்) செய்தால் ஈவு நிமிடம். மீதியை 100-ஆல் மறுபடி டிவ்மாட் செய்தால் விநாடியும் மிச்சமும். தசம எண்ணை இரண்டு இலக்கத்துக்கு வடிவமைத்துக் காட்டினால் 59.996 என்பது 60.00 என்று திரையில் தோன்றும், நிமிடம் மட்டும் ஏறியிருக்காது. 1500 மீட்டர் ஓட்டத்தில் அது கண்ணில் படும்.

மடிக்கணினி ஓட்டத்தின் நடுவே தூங்கிவிடாதபடி மின்சேமிப்பு அமைப்பை மாற்றிவையுங்கள். லினக்ஸில் கணினி தூங்கிய நேரம் இந்தக் கடிகாரத்தில் சேராது.

*

திருநகர் டீச்சர் எழுதியது:

ஒரே விசை என்றால் எல்லாரும் ஸ்பேஸ் விசையைத்தான் எடுப்பார்கள். எடுங்கள், பெரிது, தடுமாறாமல் கிடைக்கும். அதில் இரண்டு குறும்பு இருக்கிறது.

சாளரம் முழுவதற்கும் ஸ்பேஸ் விசையைக் கட்டிவைத்திருக்கிறீர்கள். எப்போதோ டேப் விசையைத் தட்டியதில் கவனம் நிறுத்து பொத்தானின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. இப்போது ஸ்பேஸ் அழுத்தினால் உங்கள் ஃபங்ஷனும் ஓடும், பொத்தானும் தன்னை அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். முதல் ஆள் வந்ததும் கடிகாரம் நின்றுவிடும். மீதி ஐந்து பேருக்கு நேரமே இல்லை. பொத்தான்களை உருவாக்கும்போது டேக்ஃபோகஸ் என்பதற்குச் சுழியம் கொடுத்துவிடுங்கள், டேப் அங்கே போகாது.

இரண்டாவது, விசையை அழுத்திப் பிடித்தால் கணினி அதையே மறுபடி மறுபடி அழுத்தியதாக அனுப்பும். பதற்றத்தில் விரல் அழுந்தியே இருந்தால் ஓடாத ஆளெல்லாம் வந்துசேர்ந்ததாகப் பட்டியல் நீளும். முந்தைய அழுத்தலிலிருந்து கால் விநாடிக்குள் வருவதைத் தள்ளிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள், ஒட்டி வரும் இரண்டாமவன் பறிபோவான். விண்டோஸில் விசை விட்ட செய்தி கடைசியில் ஒரு முறைதான் வரும். அதனால் அழுத்தியதும் ஒரு கொடி (விசை அழுந்தியிருக்கிறது என்று குறிக்கும் மாறி) ஏற்றி, விட்டதும் இறக்கி, கொடி இருக்கும்போது வருவதைப் புறக்கணித்தால் சரியாகிவிடும். லினக்ஸில் அது நடக்காது. பிடித்திருக்கும்போதே விட்டது, அழுத்தியது என்று பொய்யாக மாறி மாறி வரும். அங்கே கணினி அமைப்பில் விசை மீளழுத்தலையே அணைத்துவிடுவதுதான் குறுக்குவழி. போட்டி முடிந்ததும் மறுபடி போட்டுவிடுங்கள், இல்லையென்றால் கணினி அறையில் புகார் வரும்.

*

மேலூர் விசில் எழுதியது:

டேப் குறும்பு சனிக்கிழமையே நடந்துவிட்டது டீச்சர். கணினிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஒருவன் தீர்ப்பே சொல்லிவிட்டான். இப்போது டேக்ஃபோகஸ் சுழியம்.

தல்லாகுளம் ஐயா, விசிலைப் பற்றி நீங்கள் கண்டுபிடித்தது எனக்குக் கூச்சமாக இருந்தாலும் உண்மை. தச்சுப் பட்டறையில் இரண்டு பலகைக் கிளாப்பருக்குச் சொல்லிவிட்டேன். அதுவரை புளியமரத்தடியில் ஒருத்தி வெள்ளைத் துண்டை ஓங்கி இறக்குகிறாள், விசிலும் ஊதுகிறாள். ஓடுகிறவர்கள் விசிலைக் கேட்கிறார்கள், நான் துண்டைப் பார்க்கிறேன். அன்று 13.5 ஓடிய அதே பையனுக்கு இப்போது 13.8. மோசமாகிவிட்டானே சார் என்று அவன் முகம் விழுந்துவிட்டது. உன் கால் அதேதான், என் காதுதான் மாறியிருக்கிறது என்று சொல்லியும் நம்பவில்லை. ஒலி கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. மேல்நோக்கியதும் சேர்ந்துதான் 13.8 என்றதும், "அப்போ ரெண்டு பக்கமும் எனக்குத்தான் நஷ்டமா சார்" என்றான். பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

சட்டை எண் எழுதும் வேலையைத் தமிழ் ஆசிரியை ஏற்றுக்கொண்டார். எண்ணை எழுதாமல் பெயர்களையே எழுதுகிறார், அதுவும் முதலெழுத்தோடு. ஆறு பேர் வந்து முடிவதற்குள் எழுதிவிடுகிறார், எனக்கென்ன.

வெயிலில் திரை தெரியவில்லை என்று யாரும் எச்சரிக்கவில்லை. கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்து என்று பிள்ளைகள் ஆசையாக வைத்திருந்தார்கள். மதியம் பார்த்தால் என் முகம்தான் தெரிகிறது. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, 120 அளவு என்று மாற்றி, மடிக்கணினியை ஓர் அட்டைப்பெட்டிக்குள் சாய்த்து வைத்திருக்கிறேன். இப்போது நன்றாகத் தெரிகிறது.

கடைசியாக ஒன்று. நேரங்களையும் பெயர்களையும் கமாவால் பிரித்த கோப்பாகச் சேமிக்கிறோம். லினக்ஸில் திறந்தால் தமிழ் தமிழாக இருக்கிறது. தலைமையாசிரியர் அறையில் எக்செலில் திறந்தால் பெயரெல்லாம் கிறுக்கலாக வருகிறது. பட்டியல் நாளை அனுப்ப வேண்டும்.

*

வடபழஞ்சி எழுதியது:

கோப்பைத் திறக்கும் வரியில் என்கோடிங் (எழுத்துக் குறியாக்கம்) என்ற இடத்தில் யுடிஎஃப்-8 என்று இருக்கும். அதை யுடிஎஃப்-8-சிக் என்று மாற்றுங்கள். கோப்பின் தலையில் சிறு அடையாளம் ஒன்று சேரும், அதைப் பார்த்து எக்செல் இது யுனிகோடு என்று புரிந்துகொள்ளும். அதே வரியில் நியூலைன் என்பதற்கு வெற்றுச் சரத்தைக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் விண்டோஸில் வரிக்கு வரி நடுவே வெற்று வரி விழும்.

பழைய கோப்புகளை மறுபடி ஓட்டி எடுக்க வேண்டியதில்லை சார். எக்செலில் தரவு என்ற பட்டியில் உரைக் கோப்பிலிருந்து எடு என்பதைத் தேர்ந்து, குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று காட்டினால் அவையும் திறந்துவிடும்.

*

மேலூர் விசில் எழுதியது:

திறந்துவிட்டது. பட்டியல் போய்விட்டது.